லசரே: தீவின் வாசலில் ஒரு பூட்டு

2020 ஏப்ரல் முதல் வாரம் என்று நினைவு. காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெருக்கோடியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "சார், உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன். ஹெல்த்துக்காரங்க வந்திருக்காங்க, இவர் சொல்றது யாருக்கும் புரியல" என்றார்.

அப்போது திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் எந்த வீட்டில் எந்த நாட்டுக்காரர் தங்கியிருக்கிறார் என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் செஞ்சிப் பக்கத்து விவசாயி மாதிரி இருந்தார். கறுத்த மேனி, நெற்றியில் விபூதி, அறுபது வயது. கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். பட்டியல் எழுத வந்த செவிலியர், "பாத்தா நம்ம ஊர் ஆளு, தமிழ் தெரியாதுங்கிறார் சார்" என்று சிரித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் நாலைந்து சாமி பெயரும் சில சாப்பாட்டுப் பெயரும்தான்.

பாஸ்போர்ட்டில் இருந்த குடும்பப்பெயர் தமிழ்ப் பெயர். ஆனால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் முறுக்கிப் பிழிந்து காயப்போட்டது போல இருந்தது. நான் புதுச்சேரியில் எழுத்தராக இருந்த காலத்தில் பாதி நாளை 'எத்தா சிவீல்' என்று எங்கள் ஊரில் சொல்லும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளோடு கழித்தவன். இந்த மாதிரிப் பெயர்களை ஒரு பார்வையில் பிரித்துவிடுவேன். பெயரைத் தமிழில் உச்சரித்துக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். தன் பெயரை அப்படி யாரும் சொல்லி அவர் கேட்டதில்லையாம்.

ரீயூனியன் தீவிலிருந்து வந்தவர். சாந்த்-ஆந்த்ரே என்னும் ஊர். மாசிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வர வந்து, மாதக் கடைசியில் திரும்புவதாக இருந்தவர். மார்ச் 22-ம் தேதி வெளிநாட்டு விமானங்கள் நின்றன, 25-ம் தேதி முதல் நாடே நின்றது. பங்குனிப் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. நான் இங்கே குடிவந்து இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பௌர்ணமியைக் கண்டதில்லை. அவர் மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் அங்கே படுத்த படுக்கை. ஏப்ரல் மூன்றாவது வாரம் காலமாகிவிட்டார். சவ அடக்கத்தை இவர் கைபேசியில் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடக்கத்துக்கு அங்கேயும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்களை விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் ஒரு விஷயம் சொன்னார். "முசியே, நான் இப்போது விமானம் பிடித்துப் போனாலும் தீவுக்குள் நேராக விடமாட்டார்கள். பதினாலு நாள் ஒரு அறையில் பூட்டிவைப்பார்கள். என் கொள்ளுத் தாத்தாவையும் இப்படித்தான் பூட்டினார்கள், கிராந்-ஷலூப்பில்."

இந்தக் கட்டுரை அந்தக் கிராந்-ஷலூப்பைப் பற்றியது. ஊரடங்கில் எனக்கு வேறு வேலை இல்லை. பிரெஞ்சில் படிக்கத் தெரியும். கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதலில் ஒரு சொல். நாம் தனிமைப்படுத்தல் என்று சொல்வதைப் பிரெஞ்சில் 'கராந்தேன்' என்பார்கள். சுமார் நாற்பது என்று பொருள். பள்ளியில் எங்கள் வாத்தியார், ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும் என்று சொல்வதற்கும் இதே சொல்தான் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். கதை இத்தாலிப் பக்கத்தில் தொடங்குகிறது. 1377-ல் ரகூசா என்னும் துறைமுக நகரம் (இன்றைய துப்ரோவ்னிக்), கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வருபவர்கள் முப்பது நாள் வெளியே இருந்துவிட்டுத்தான் நகருக்குள் வரவேண்டும் என்று உத்தரவு போட்டது. தங்கவைக்கக் கரைக்கு அப்பால் இருந்த ஒரு சிறு தீவையும் குறித்தது. முப்பது பிறகு நாற்பதாயிற்று. 1423-ல் வெனிஸ் நகரம் தன் காயலில் இருந்த ஒரு தீவில் நோயாளிகளுக்கென்றே ஒரு விடுதி கட்டியது. அங்கிருந்த மாதா கோவிலின் பெயர் நசரேத். பைபிளில் வரும் நோயாளி பெயர் லாசர். இரண்டும் கலந்து அந்த மாதிரி இடங்களுக்கு 'லசரே' என்று பெயர் நிலைத்துவிட்டது.

2020-ல் பிரெஞ்சுக்காரர்கள் பதினாலு நாளைக்குக் 'கத்தோர்ஸேன்' என்றார்கள். பிறகு ஏழு நாளாகக் குறைத்தபோது 'செத்தேன்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏழுக்கு பிரெஞ்சில் 'செத்', அதனால் 'செத்தேன்'. ரீயூனியன் அரசாங்க அறிவிப்புகளில் இந்தச் சொல் இருக்கிறது. தமிழ்க் காதில் இது எப்படி விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நண்பரிடம் பொருள் சொன்னபோது, தாயார் இறந்த துக்கத்திலும் அவர் சிரித்துவிட்டார்.

இனி தீவுக்குப் போவோம். ரீயூனியன் இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குத் தென்மேற்கே இருக்கிறது. பரப்பு 2,500 சதுர கிலோமீட்டர் அளவு. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பாதியைக்கூட எட்டாது. நடுவில் எரிமலை, சுற்றிலும் கரும்பு. 1848 டிசம்பர் 20-ம் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலை ஆனார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்போது கையில் இருந்தவை புதுச்சேரியும் காரைக்காலும். 1828-லேயே ஏனாமிலிருந்து பதினைந்து தெலுங்கர்களை ஒரு கப்பலில் கொண்டுபோயிருந்தார்கள். 1848-க்குப் பிறகு அது பெருவெள்ளமாயிற்று. ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனவர்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர். ஆனால் பிரெஞ்சுப் பகுதியில் ஏது அத்தனை ஜனம்? ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் எல்லையைத் தாண்டி வெள்ளைக்காரன் சீமைக்குள், தென்னாற்காடு, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் வந்து பஞ்சத்தில் அடிபட்டவர்களைத் திரட்டினார்கள். இதில் இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் தகராறு வந்து, 1861 ஜூலை 1-ம் தேதி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆளெடுக்கலாம், ஆனால் துறைமுகத்தில் எங்கள் அதிகாரி இருந்து பார்ப்பான் என்பது இங்கிலீஷ்காரர் நிபந்தனை.

புறப்படும் முன் டிப்போவில் வைத்து வைத்தியர் பார்ப்பார். பாய்மரக் கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் பயணம். தீவுக்கு அந்தக் காலத்தில் இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போடும், படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பயணிகளின் படகு தலைநகரான சாந்த்-தெனிக்கு நேராகப் போகாது. மேற்கே சில மைல் தள்ளி, இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் ஒரு காட்டாறு, எதிரே கடல் என்று ஒரு பள்ளத்தாக்கு. அதுதான் கிராந்-ஷலூப். ஷலூப் என்றால் படகு. அங்கிருந்து மலையேறாமல் தப்பவும் முடியாது, உள்ளே யாரும் வரவும் முடியாது. லசரே கட்ட இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. கடலோரம் ஒன்று, பள்ளத்தாக்கின் உள்ளே ஒன்று என 1860-களின் தொடக்கத்தில் இரண்டு கட்டினார்கள். கருங்கல்லில் நீண்ட நீண்ட கூடங்கள், மருத்துவ விடுதி, மதில், காவல். பக்கத்திலேயே ஓர் இடுகாடு. வழக்கமாகப் பத்து நாள் அளவு வைத்திருப்பார்கள். கப்பலில் பெரியம்மையோ வாந்திபேதியோ கண்டிருந்தால் அது நீண்டுகொண்டே போகும். காலம் முடிந்ததும் தலைநகருக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, தோட்டக்காரர்களிடம் பிரித்துக் கொடுப்பார்கள்.

கூடத்தில் படுத்திருந்தவர்களுக்கு எதற்காக இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று யார் சொல்லியிருப்பார்கள்? மொழி தெரியாது. ஐந்து வருட ஒப்பந்தத்தின் முதல் நாளே பூட்டிய வாசலும் துப்பாக்கிக் காவலும். நான் அந்த வாசலை நேரில் பார்த்ததில்லை. படத்தில்தான் பார்த்தேன். முதலாவது லசரேயை இப்போது பழுதுபார்த்துப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. நண்பர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். "புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

லசரேயை ஏன் அந்தச் சமயத்தில் கட்டினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1859 மார்ச் மாதம் 'மஸ்கரேஞ்' என்றொரு கப்பல் கிழக்கு ஆப்பிரிக்காவில் கூலிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு சாந்த்-தெனிக்கு வந்தது. வழியில் பலர் இறந்திருந்தார்கள். காலரா. துறைமுகத்தில் கேட்டபோது, சாவுக்கு வேறு காரணம் சொல்லிச் சமாளித்தார்கள். ஆட்களை இறக்கி விட்டுவிட்டார்கள். ஆள் இறங்கவில்லை என்றால் காசு இல்லை, அவ்வளவுதான் காரணம். சில நாட்களில் ஊருக்குள் காலரா. சில மாதங்களில் தீவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்பே அந்தத் தீவில் தனிமைப்படுத்தும் சட்டம் இருந்தது, சின்ன லசரேயும் இருந்தது. சட்டம் இருந்தும் ஒரு கையெழுத்துதான் அதைத் திறந்துவிட்டது. எழுத்தராக இருந்தவனுக்கு இந்த இடத்தில் மனசு உறுத்தும். படிவத்தில் 'நோய் இல்லை' என்று எழுதுகிறவன், உண்மையில் நோய் இல்லையா என்று பார்க்கப் போவதில்லை. எதிரே நிற்பவன் சொன்னதைத்தான் எழுதுகிறான். நானும் எத்தனையோ படிவங்களில் அப்படி எழுதியிருக்கிறேன்.

காலராவுக்குப் பிறகு ஜனங்கள் கொதித்தார்கள். புது லசரே எழுந்தது. யாருக்காக? கடல் தாண்டிக் கூலிக்கு வருபவர்களுக்காக. கப்பல்காரனும் வியாபாரியும் சொன்ன பொய்யால் வந்த வினைக்கு, பொய் சொல்ல வாயில்லாதவர்களைப் பிடித்துப் பூட்டினார்கள்.

பக்கத்துத் தீவான மொரீஷியசில் இதைவிடக் கொடுமை நடந்திருந்தது. அது இங்கிலீஷ்காரர் தீவு. 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து 'ஹைதரீ', 'ஃபத்தே முபாரக்' என்று இரண்டு கப்பல்கள் கூலிகளோடு வந்தன. கப்பலில் காலரா. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் மொரீஷியசைக் காலரா வாட்டியிருந்தது, அதனால் பயம். வந்தவர்களை வடக்கே கடலில் இருக்கும் கப்ரியேல் தீவில் இறக்கிவிட்டார்கள். அதை ஒட்டினாற்போல 'ஈல் பிளாத்', தட்டைத் தீவு. முந்தின வருடம்தான் அதில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டியிருந்தார்கள். கப்பல்களுக்கு வழிகாட்ட விளக்கு இருந்தது, இறக்கிவிட்ட ஜனங்களுக்கு ஒழுங்கான கூரை இல்லை, போதுமான மருந்தும் பராமரிப்பும் இல்லை. மழைக்காலம் வேறு. இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். செய்தி கல்கத்தாவுக்கு எட்டி, அந்த வருடமே இந்திய அரசாங்கம் மொரீஷியசுக்கு ஆள் அனுப்புவதைச் சில காலம் நிறுத்தியது. ஆள் வராவிட்டால் கரும்பு வெட்ட முடியாது என்றானதும்தான் தட்டைத் தீவில் முறையான கட்டடங்கள் வந்தன. 2008-ல் நோபல் பரிசு வாங்கிய லெ கிளேசியோ இந்தத் தட்டைத் தீவை வைத்து 1995-ல் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். பெயரே 'கராந்தேன்'. அவருடைய முன்னோர்கள் மொரீஷியஸ்காரர்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் படிக்கலாம். நான் ஊரடங்கில் படித்த ஒரே நாவல் அது.

மறுபடி ரீயூனியன். கிராந்-ஷலூப் லசரே அறுபது வருடமாகக் கூலி ஜனங்களை எண்ணி எண்ணி உள்ளே வைத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. 1882-ல் இங்கிலீஷ் அரசாங்கம், தோட்டங்களில் நடக்கும் கொடுமையைக் காரணம் காட்டி, ரீயூனியனுக்கு ஆளெடுப்பதை நிறுத்திவிட்டது. அதே வருடம் தீவில் ரயில் வந்து, பாதை இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே போயிற்று. நான்கு வருடம் கழித்துப் புதுத் துறைமுகமும் வந்தது. இப்போது கப்பல் நேராகக் கரையை ஒட்டி நிற்கும்.

1919 மார்ச் 31. 'மதோனா' என்னும் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வந்தது. முதல் உலகப் போர் முடிந்து, பிரான்சுக்குச் சண்டைக்குப் போயிருந்த தீவின் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். நாலு வருடமாகக் காத்திருந்த தாய்மார்கள். கரையில் வரவேற்பு. பாண்டு வாத்தியத்தோடு வருபவனை யார் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் அடைப்பார்கள்? அவர்களோடு ஸ்பானிஷ் ஃப்ளூ இறங்கியது. உலகமெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பே சுற்றி வந்த நோய், இந்தத் தீவை அதுவரை தொடவில்லை. கடல்தான் காப்பாற்றியிருந்தது. சில நாட்களில் சாந்த்-தெனியில் பிணங்களைத் தூக்க ஆள் இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. ஏழாயிரம் என்பார் உண்டு, இருபதாயிரம் என்பார் உண்டு. தீவின் மொத்த ஜனத்தொகையே ஒன்றே முக்கால் லட்சம்தான். குறைந்த கணக்கை எடுத்தாலும் இருபத்தைந்து பேரில் ஒருவர். நம் நாட்டுக்கும் அந்த நோய் 1918-ல் பம்பாய் வழியாகச் சிப்பாய்கள் வந்த கப்பலில்தான் வந்தது என்பார்கள். இங்கே செத்தவர்கள் கோடிக் கணக்கு.

லசரே அன்றைக்கும் இருந்தது, சில மைல் தூரத்தில். காவல்காரனும் மதிலும் எல்லாம் யாருக்கு எதிராக என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பூட்டுப் போட்டிருந்தது புறக்கடைக் கதவுக்கு. நோய் வந்தது முன்வாசல் வழியாக.

சில நோய்களுக்கு எந்த வாசலும் வேண்டாம் என்பதும் உண்மை. 2005-06-ல் அதே தீவில் சிக்குன்குனியா வந்து, இரண்டரை லட்சம் பேருக்கு மேல், அதாவது மூன்றில் ஒருவருக்கு, மூட்டைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. கொசுவை யார் பதினாலு நாள் அடைத்துவைப்பது? 2006-ல் நம் பக்கத்துக்கும் அது வந்தது. எனக்கு இன்னும் குளிர்காலத்தில் இடது முழங்கால் அதை நினைவுபடுத்தும்.

ரீயூனியன் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று கேட்பவர்கள் ராமேசுவரம் ரயிலில் போகும்போது சன்னல் வழியாகப் பார்க்கவும். பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு நிலையம் வரும். அந்தக் 'கேம்ப்' எதற்கு வந்தது என்று பலருக்குத் தெரியாது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களை நிறுத்திவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை ஆவியில் வேகவைத்து, சில நாள் பார்த்துவிட்டு அனுப்பும் இடம் அது. நடத்தியது இலங்கை அரசாங்கம், இருப்பது இந்திய மண்ணில். தீவு தன் வாசலைக் கடலுக்கு இந்தப் பக்கமே கட்டிக்கொண்டது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த ஜனங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாயகம் திரும்பியவர்கள் என்ற பெயரில் அதே மண்டபத்தில் வந்து இறங்கினார்கள். 1983-க்குப் பிறகு அகதிகள், அதே முகாம். போகும்போதும் அங்கேதான் நிறுத்தம், வரும்போதும் அங்கேதான்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தீவுகளில் போடும் கட்டுப்பாடே அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல முடியாமல் தடுத்தது லட்சத்தீவு. 2020 முழுவதும் இந்தியாவில் ஒரு கொரோனா நோயாளிகூட இல்லாத ஒரே பகுதி அதுதான். மக்கள் வசிக்கும் தீவுகள் பத்து, 2011 கணக்குப்படி ஜனங்கள் 64,473 பேர். கொச்சியில் கப்பல் ஏறுமுன் ஏழு நாள் தனிமை, பிறகு பரிசோதனை, தீவில் இறங்கியபின் மறுபடி பதினாலு நாள். தீவுக்காரர் ஆனாலும் சரி, அதிகாரி ஆனாலும் சரி. கொச்சியில் தங்க நிர்வாகமே இடம் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமானால் கடல் தாண்டி வரவேண்டிய ஊர், தங்கள் வாசலைத் தாங்களே காத்துக்கொண்டது. 2020 டிசம்பர் கடைசியில், 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றிதழ் இருந்தால் போதும், தனிமை வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். தீவு ஜனங்கள் கூடாது என்று எதிர்த்தார்கள். 2021 ஜனவரி 18-ம் தேதி கவரத்தியில் முதல் நோயாளி. அந்த வருடம் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கு மேல். இறந்தவர்கள் ஐம்பது பேர் அளவில். 1859-ல் ஒரு வாய்ச்சொல், 2021-ல் ஒரு சான்றிதழ்.

நம் ஊரிலும் அந்த வருடம் இ-பாஸ் என்று ஒன்று இருந்தது நினைவிருக்கும். கல்யாணம், சாவு, வைத்தியம், இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால்தான் அடுத்த மாவட்டத்துக்குப் போகலாம். புதுச்சேரியில் என் தங்கை வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று நான் மூன்று முறை விண்ணப்பம் போட்டேன். இரண்டு நிராகரிப்பு. மூன்றாவது கிடைத்தபோது அவர் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். அங்கே போகாமல் பாஸை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன், எழுத்தர் புத்தி. இதே நாட்களில் கார் வைத்திருந்தவர்கள் சிலர் எப்படியோ போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2020 நவம்பர் 29-ம் தேதி கார்த்திகை தீபத்துக்கு வெளியூர் ஜனம் யாரும் இல்லை. வீட்டு மொட்டைமாடியிலிருந்து கும்பிட்டோம்.

நண்பர் மே மாதம் ஒரு சிறப்பு விமானத்தில் பாரிசுக்குப் போய், அங்கிருந்து தீவுக்குப் போனார். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஏற்றி ஒரு ஓட்டலில் வைத்தார்கள். தொலைபேசியில் பேசினார். அறை சுத்தம், மூன்று வேளை சாப்பாடு, டி.வி., சன்னலைத் திறந்தால் கடல். "குறை சொல்ல ஒன்றுமில்லை முசியே" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அம்மா இல்லாத வீட்டுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது" என்றார்.

கிரிவலத்துக்குத் தடை நீங்கியபின் 2022-ல் மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஒரு காகிதம். தீவின் ஆவணக் காப்பகத்தில் தேடி, கொள்ளுத் தாத்தாவின் பதிவைப் படி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எண், பெயர், தகப்பனார் பெயர், வயது 22, உயரம், பிறந்த ஊர். மாவட்டம் என்ற இடத்தில் தென்னாற்காடு என்று இருந்தது. அதனால் இத்தனை நாள் கடலூர்ப் பக்கம்தான் தன் ஊர் என்று நினைத்திருந்தாராம். அதன் கீழேயே 'திர்ணமலே' என்று பிரெஞ்சில் கிறுக்கியிருந்ததை நான் படித்துக் காட்டினேன். 1911 வரை திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டில்தான் இருந்தது, பிறகுதான் வடாற்காட்டோடு சேர்த்தார்கள். தனி மாவட்டம் ஆனது 1989-ல். இதை விளக்கியதும் அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தீவில் அவர்கள் வருடா வருடம் தீமிதிப்பது 'பாந்தியாலே' என்ற அம்மனுக்கு. அது நம் பாஞ்சாலி, திரௌபதி அம்மன். செஞ்சியையும் இந்தச் சுற்றுவட்டாரத்தையும் விட்டால் அவளுக்கு இத்தனை கோயில் வேறு எங்கே?

கிராமத்தின் பெயர்தான் பிடிபடவில்லை. முன்பாதியில் மை ஊறி எழுத்து அழிந்துவிட்டது. கடைசியில் 'தாங்கல்' என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. நம் பக்கத்தில் தாங்கல் என்று முடியும் ஊர்களுக்குக் குறைவா? ஆட்டோ வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களுக்குப் போய் விசாரித்தோம். இரண்டாவது ஊரில் ஒரு பாட்டி, "இத்தன வருஷம் கழிச்சு வந்து கேட்டா யாருப்பா சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து மோர் கொடுத்தார். மீதி ஊர்களின் பட்டியல் என் மேசையில் இருக்கிறது. வரும் தை மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார்.